சம்பளத்துக்கு நர்ஸான நண்பனுக்கு

மாமே,

ஆவடி ஏரியின் மீதும், அதில் எப்போதாவது தென்படும் தண்ணீரின் மீதும் ஆணையாகச் சொல்கிறேன்: இந்த மடலில் நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. நீயும் நம்ப மாட்டாய். நீ உயிரோடு இருந்தபோதே நான் சொன்னதை நம்பியதில்லை. "உன் பேச்சுல பாதிய ஆவடில எறக்கிட்டு, மீதிய அம்பத்தூர்ல எறக்குனா, சென்ட்ரல் போறப்போ வண்டி காலியாத்தான் போவும்" என்பாய்.

நேற்று குமணன்சாவடியில் என் செல்போனைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தேன். அது சாம்பாரில் விழுந்துவிட்டது. சாதாரணச் சாம்பார் அல்ல. யானைக்குட்டி நீச்சல் பழகும் ஆழமுள்ள கல்யாணச் சாம்பார். கடைக்கார அம்மா கண்ணாடியைக் கழற்றி, பஞ்சில் எதையோ தொட்டுத் துடைத்தார். ஸ்பிரிட். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா சார், தல சுத்துதா?"

"இல்லம்மா. ஃபிரண்டு வந்துட்டான்."

அந்த அம்மா வாசலைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

உன் கையின் வாடை அது. முப்பது வருஷமாக முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகாத வாடை. உன்னோடு டீ குடித்தால் டீயே கொஞ்சம் ஆஸ்பத்திரியாக இருக்கும்.

நீ எப்படி நர்ஸ் ஆனாய் என்பது உன் மகளுக்குக்கூட முழுதாகத் தெரியாது. ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் நம் இரண்டு வீடும் எதிரெதிர். இரண்டு அப்பாவும் ஃபேக்டரி. நமக்கும் அதே ஃபேக்டரியில் வேலை கிடைக்கும் என்று நம்பிப் படிக்காமல் இருந்தோம், வேலை கிடைக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் பின்வரிசை வீட்டு அண்ணன் சவூதியிலிருந்து லீவில் வந்தார். அங்கே ஆண் நர்ஸ். அவர் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி ரயில் எஞ்சினில் கட்டினால், பின்னால் பன்னிரண்டு பெட்டியும் சத்தமில்லாமல் வரும், அத்தனை கனம். நீ அந்தச் சங்கிலியைப் பார்த்தாய். நான் நீ பார்ப்பதைப் பார்த்தேன். முடிந்தது கதை.

நர்ஸிங் பள்ளி நேர்காணலுக்கு நான்தான் உனக்கு உரை எழுதிக் கொடுத்தேன். 'பிணியுற்ற மானுடத்தின் கண்ணீரைத் துடைக்கவே இப்பூவுலகில் பிறந்தேன்' என்று தொடங்கும், இரண்டு பக்கம். படித்தால் எதிரில் இருக்கும் நாற்காலியே விம்மி அழும். நீ உள்ளே போய் முதல் வரியிலேயே மறந்துபோனாய். ஏன் இந்தப் படிப்பு என்று பிரின்சிபால் அம்மா மறுபடி கேட்டிருக்கிறார். "சம்பளம் மேடம்" என்றிருக்கிறாய். வெளியே வந்து என்னிடம் சொன்னபோது உன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இடம் கிடைத்தது. ஆனால் அந்தப் பதிலை நீ மாற்றவேயில்லை. வேலையில் நாள் போகப்போக எல்லோருக்கும் சேவை, மனநிறைவு என்று ஏதாவது ஒன்று ஒட்டிக்கொள்ளுமே, உனக்கு அது ஒட்டவில்லை.

பூந்தமல்லி ரோட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் வாரம் ஒரு பெரியவர் குணமாகி வீட்டுக்குக் கிளம்பினார். நீ வாசல்வரை வந்து, உன் அம்மா வளர்த்த மரியாதையில், "போயிட்டு வாங்க" என்றாய். அவர் மனைவி ஆட்டோவில் வைத்த காலை எடுத்துவிட்டார்.

"இன்னா தம்பி, மறுபடியும் வரணுமா நாங்க? உன் வாயில நல்ல வார்த்த வராதா?"

அவர் போட்ட சத்தத்தில் குமணன்சாவடி சிக்னல் தானாகச் சிவப்புக்கு மாறியது. உன் ஹெட் நர்ஸ் வந்து சமாதானம் செய்து அனுப்பிவிட்டு, "இங்கேருந்து போறவங்கள யாரும் வரச் சொல்லக் கூடாதுடா. தலைய மட்டும் ஆட்டு" என்றார். அதன்பிறகு நீ தலையை மட்டும் ஆட்டினாய். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. உன் வீட்டிலிருந்து நான் கிளம்பினாலும் தலையாட்டல்தான். உன் மனைவி உள்ளேயிருந்து, "வாயத் தொறந்து சொன்னா முத்து உதிந்துடுமா?" என்பார். நீ அதற்கும் தலையை ஆட்டுவாய்.

வளைகுடாவுக்குப் போனாய், வந்தாய். திருநின்றவூரில் மனை வாங்கி வீடு கட்டினாய். தங்கைக்குக் கல்யாணம் செய்தாய். நான் உன்னைச் 'சேவைச் செம்மலே' என்று கூப்பிடும்போதெல்லாம், "சம்பளம் நின்னா நானும் நின்னுடுவேன் மாமே" என்பாய். நான் சிரிப்பேன். நீ சிரித்ததில்லை என்பது எனக்கு வெகு தாமதமாகத்தான் உறைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது, நான் கேட்காமலே சொன்னாய். உன்னோடு வேலை செய்த ஒரு சிஸ்டரைப் பற்றி. "அவங்க நெத்தியில கை வெச்சா பேஷண்ட் தூங்கிடறான் மாமே. நான் கை வெச்சா ஊசியோன்னு முழிச்சிக்கறான். அவங்களுக்கு மனசு கீது. எனக்குக் கை மட்டுந்தான் கீது." வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தை உன்னிடம் நீட்டினேன். நீ வாங்கிக்கொண்டாய்.

பிறகு உன் மகள் பிளஸ் டூ முடித்தாள். நர்ஸிங் படிக்கிறேன் என்றாள். ஏன் என்று கேட்டாய்.

"காசுப்பா. ஜெர்மனி போயிடுவேன். நீயும் அதுக்குத்தானே சேந்த?"

இதைச் சொல்லத்தான் அன்று ரயில் ஏறி என் வீட்டுக்கு வந்தாய். சட்டையில் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது. "அவளுக்கும் புடிக்காது மாமே. எனக்குத் தெரியும், அவ என்னை மாதிரி. புடிக்காத வேலைய ஆயுசு பூரா செய்யறது இன்னான்னு எனக்குத்தான் தெரியும். நீ ஊர் ஒலகத்துக்கெல்லாம் கதை வுடற. என் பொண்ணுக்காக ஒண்ணு வுடு. அவ மனச மாத்து."

விட்டேன் மாமே. என் வாழ்நாளின் தலைசிறந்த கதையை விட்டேன். நூற்று எண்பது கிலோ நோயாளி ஒருவர் படுக்கையிலிருந்து சரிந்து மூன்று நர்ஸுகளை மூன்று நாள் அமுக்கி வைத்திருந்ததாகவும், ஐயப்பன்தாங்கல் டிப்போவிலிருந்து பஸ் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்துத்தான் மீட்டதாகவும் சொன்னேன். அவள் முழுதும் கேட்டாள்.

"மாமா, அப்பா அனுப்பினாரா?"

"யார் அப்பா?" என்றேன்.

"நடிக்காதீங்க. வந்து என்கிட்ட நேரா பேசச் சொல்லுங்க."

நீ பேசவில்லை. அவள் சேர்ந்தாள். கல்லூரிக்கு அவளைப் பைக்கில் கொண்டுபோய் விடுவாய். கேட்டருகே இறக்கித் தலையை ஆட்டிவிட்டு வருவாய். அவள் முதல்முறை வெள்ளைக் கோட்டு போட்டு உன் முன்னால் வந்து நின்றபோது செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டாயாம். உன் மனைவி சொன்னார்.

அவள் இரண்டாம் வருஷம் படிக்கும்போது உனக்குக் கல்லீரலில் கட்டி என்றார்கள். ஒரு சொட்டுக் குடித்தவன் இல்லை நீ. வாழ்நாள் முழுக்கக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவன் கட்டிலில் படுத்தாய். மோசமான நோயாளி. சலைன் பாட்டில் எந்த வேகத்தில் சொட்ட வேண்டும் என்று வந்துபோகும் நர்ஸுகளுக்கெல்லாம் வகுப்பெடுத்தாய். உன் மகள் கல்லூரி முடிந்ததும் வந்துவிடுவாள். உன்னைப் புரட்டிப் படுக்கவைப்பாள், முதுகில் பவுடர் போடுவாள். நீ அவள் முகத்தைப் பார்க்க மாட்டாய். கையை மட்டும் பார்ப்பாய். ஒரு நாள் நான் அங்கிருக்கும்போதே கேட்டாய்.

"பாப்பா, இந்த வேல உனக்குப் புடிச்சிருக்கா?"

அவள் உன் தலையணை உறையை மாற்றிக்கொண்டிருந்தாள். "இல்லப்பா" என்றாள். "வார்டுக்குள்ள போனாலே எப்ப வெளிய வருவோம்னு இருக்கு."

நீ கண்ணை மூடிக்கொண்டாய். நான் ஏதாவது புளுகி அந்த இடத்தை நிரப்பலாம் என்று வாயைத் திறந்தேன். உன் மூடிய கண்ணோரத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

கடைசி மாலை. பார்வை நேரம் முடிந்தது என்று வாட்ச்மேன் கதவில் தட்டினார். நான் எழுந்து, ஆஸ்பத்திரி வழக்கப்படி ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்தேன். நீ சொன்னாய்: "போயிட்டு வா மாமே."

முப்பது வருஷத்தில் முதல்முறை. நான் திரும்பி நின்றேன். உன் மகளும் நிமிர்ந்து பார்த்தாள். ஆஸ்பத்திரியில் சொல்லக் கூடாத வார்த்தையை, சொல்லக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த நீயே சொல்கிறாய். கையெட்டும் தூரத்தில் நின்றும் நான் உன் கையைத் தொடவில்லை. "காலைல இட்லி எடுத்துகினு வரேன்" என்றேன். எடுத்துக்கொண்டுதான் வந்தேன். கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தார்கள்.

உன் சாவுக்கு வந்த கூட்டத்தைச் சொல்கிறேன், கேள். திருநின்றவூர் ரயில் நிலையத்திலிருந்து உன் வீட்டு வாசல்வரை வரிசை. நீ ஊசி போட்டவர்கள், கட்டுப் பிரித்தவர்கள், வளைகுடாவிலிருந்து விமானத்தில் வந்த ஷேக்குகள். மின்சார ரயில்கள் உனக்காக ஊதிக்கொண்டு நின்றன. ஏரி மீன்களெல்லாம் கரையேறித் தலையாட்டின.

சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்து, ஈரத்தலையோடு உன் வீட்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். காக்கிச் சட்டை போட்ட ஒரு ஆட்டோக்காரர் வந்தார். ஒரு காலை இழுத்து நடந்தார். உன் பெயரைச் சொல்லி, இந்த ஊடுதானே என்று கேட்டார். விபத்தில் இடுப்பு உடைந்து உன் வார்டில் கிடந்தவராம். உன் மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"பெத்த புள்ளைங்களே மூக்கப் பொத்திகினு வெளிய நின்னுச்சிம்மா" என்றார் அவளிடம். "உங்கப்பாதான் எனக்கு எல்லாம் தொடச்சாரு."

"அப்பா நல்லாப் பேசுவாரா உங்ககிட்ட?"

"பேச்சா? அவரா? மூஞ்சத் தூக்கி வெச்சிகினு வருவாரு. அவருக்கு அந்த வேல புடிக்கலன்னு பாத்தாலே தெரியும். எனக்கே ஒருமாதிரி கீது, ஏன் சார் கஷ்டப்படுறன்னு கேட்டேன். சம்பளம் வாங்குறேன்னாரு." தண்ணீரைக் குடித்து முடித்தார். "ஆனா வெந்நி ஊத்துறதுக்கு மின்ன, மொதல்ல அவரு மணிக்கட்டுல ஊத்திப் பாப்பாரு. தெனமும். ஒரு நாள் கூட மறந்ததில்ல."

அதுவரை அழாமல், வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த உன் மகள், காலி டம்ளரோடு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோக்காரர், சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பதால், ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்.

அவள் இப்போது மூன்றாம் வருஷம். பிடித்திருக்கிறதா என்று நான் கேட்பதில்லை. போன வாரம் தானாகவே சொன்னாள்: "இன்னும் புடிக்கல மாமா. ஆனா நான் மோசமா செய்யல." அதை உன்னிடம் சொல்வது போலத்தான் சொன்னாள், முகவரி மாறி என்னிடம் வந்துவிட்டது.

சரி மாமே, என் புளுகை நீ எப்படியும் கண்டுபிடித்துவிடுவாய், நானே சொல்லிவிடுகிறேன். வரிசை கிடையாது. ரயில் நிற்கவில்லை, ஷேக் வரவில்லை, மீன்கள் அவை பாட்டுக்குத் தண்ணீரில் இருந்தன. சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் போக, நீ பார்த்துக்கொண்ட நோயாளி என்று ஒருவர்தான் வந்தார். அந்த ஆட்டோக்காரர் மட்டும் நிஜம். மணிக்கட்டு வெந்நீர் நிஜம்.

அவர் வந்தபோது நீ இல்லை. முப்பது வருஷமாக உன் காதில் விழ வேண்டியிருந்த சொல்லை உனக்குப் பதிலாக நான் கேட்டுக்கொண்டேன். அதை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.