சத்தமில்லாத ஹெலிகாப்டர்

மதினி,

நேற்று போடியில் உங்கள் வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்குச் சட்டம் போட ஒரு நல்ல போட்டோ வேண்டியிருந்தது. மூடியைத் தூக்கியதும் சீமெண்ணெய் வாடை வந்தது. அடியில், பழைய வேட்டித் துணியில் சுற்றி, நீங்கள் ஏலக்காய் மூட்டைகளுக்கு மார்க்கா போட்ட தூரிகையும், எழுத்தும் எண்ணும் வெட்டிய தகரத் தகடும் இருந்தன. நாம் வேலை பார்த்த அந்த ஏலக்காய்க் கடையை மூடியே எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. மையில் ஊறின தகரத்தைப் போய் யாராவது பட்டுப் புடவைக்குக் கீழே வைப்பார்களா என்று வாய்விட்டே உங்களைத் திட்டினேன். திட்டி முடித்த பிறகுதான் பதில் சொல்ல நீங்கள் இல்லை என்பது உறைத்தது.

தகட்டைத் துடைத்துப் பார்த்தேன். ஓரத்தில் வெட்டியிருந்த பூஜ்யத்தின் கீழ்ப் பாதி காய்ந்த மையில் அடைத்துக் கிடந்தது. அதை வைத்துப் பூசினால் அரை வட்டம்தான் விழும். அந்த அரை வட்டத்தை எனக்கு நன்றாகத் தெரியும், மதினி. ஐம்பது வருஷத்துக்கு மேலாக அதை ராணுவ முத்திரை என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான்.

வங்காளத்துப் பக்கம் சண்டை மூண்ட வருஷம். உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர், பட்டாளத்தில் எங்கோ இருந்தார். எங்கே என்று எழுதக் கூடாதாம். எனக்கு ஏழு மாசம். வீட்டில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பேன் என்று நீங்கள்தான் என்னைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள். உள்ளே நாங்கள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரிப்போம். வாசல் பக்கம் நீங்கள் மூட்டைகளுக்கு மார்க்கா போடுவீர்கள். பகலெல்லாம் வீடு பூட்டிக் கிடந்ததால் அவருடைய கடிதங்கள் கடை விலாசத்துக்கே வரும். தபால்காரரிடமிருந்து வாங்கி என்னிடம் தருவதும் நீங்கள்தான். உறை எப்போதும் பிரிந்தே இருக்கும். பட்டாளத்தில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அன்று வந்த கடிதத்தில் நடுவே மூன்று வரி கன்னங்கரேல் என்று அடித்திருந்தது. கோட்டின் முடிவில் அந்த அரை வட்டம்.

"என்ன மதினி, இங்கன இப்படி இருக்கு?"

"மிலிட்டரில அழிச்சிருக்காக. ரகசியமா ஏதோ எழுதிப்புட்டான் போல."

"என்ன ரகசியம்?"

நீங்கள் ஒரு நொடி கூரையைப் பார்த்தீர்கள். அந்த வாரம் பேப்பரில் ஹெலிகாப்டர் படம் வந்திருந்தது.

"ஹெலிகாப்டரா இருக்கும்," என்றீர்கள். "ராணுவத்துல ரகசியமா ஒரு தினுசு வச்சிருக்காகளாம். சத்தமே போடாதாம். எதிராளி கோட்டைக்குள்ள எறங்கி, காரியத்த முடிச்சிட்டு, காப்பி ஆறதுக்குள்ள திரும்பிருவாகளாம். தம்பிய அதுல ஏத்தியிருப்பாக. ஏ புள்ள, அத வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்காத. தடவிப் பாக்காத. யாருக்காவது தெரிஞ்சா அவனுக்குத்தான் தண்டனை."

வெளிச்சத்தில் பிடிக்காதே என்று சொன்ன அதே வாயால் கடை முழுக்க ஹெலிகாப்டர் கதையைப் பரப்பியதும் நீங்கள்தான். அது ஏன் என்று கேட்கும் புத்தி எனக்கு அப்போது இல்லை.

எங்களில் ஒருத்திகூட ஹெலிகாப்டரை நேரில் பார்த்ததில்லை. அதனால் பேச்சுக்குக் குறைவே இல்லை. அவ்வளவு பெரிய விசிறி சுற்றும்போது சத்தம் வராமல் எப்படி இருக்கும்? தேவாரம் என்கிற ஊரிலிருந்து வந்து வேலை பார்த்தவள், "விளக்கெண்ணெய் தடவுவாக. வண்டி அச்சுக்குத் தடவுனா சத்தம் நிக்கிதுல்ல?" என்றாள். குச்சனூர் அக்கா, "இல்ல, நம்ம சாக்கு மாதிரி கெட்டிச் சாக்கா வாங்கி விசிறிக்குச் சுத்தி விடுவாக," என்றார். சாக்கைச் சுற்றினால் விசிறி எப்படிக் காற்றைத் தள்ளும் என்று நான் கேட்டேன். மூன்று நாள் அந்த ஒரு கேள்வியிலேயே ஓடியது.

கடைசியில் தீர்ப்புச் சொன்னது நீங்கள். "எதிர்காத்துல வருவாக. ஆடிக் காத்து அடிக்கும்போது முன்னால போறவ பேசுனா பின்னால நிக்கிறவளுக்குக் கேக்குது. எதுக்க நிக்கிறவளுக்குக் கேக்குதா? அதே கணக்குத்தான். சத்தமெல்லாம் பின்னால போயிரும், ஆளு மட்டும் முன்னால வந்து நிப்பான்."

பேச்சு அத்தோடு எங்கே இறங்கினார்கள் என்பதற்குத் தாவியது. முதலாளிகூட உள்ளே வந்தால், "இன்னைக்கு எங்கன எறங்குனாக?" என்றுதான் கேட்பார். பட்டாளத்துக்காரர்கள் கயிற்றில் இறங்குவதை நீங்கள் மூட்டை மேல் ஏறி நடித்துக் காட்டியபோது நான் சிரித்த சிரிப்பில் வயிற்றுப் பிள்ளை உதைத்தது. பயப்பட வேண்டிய மாதங்கள் அவை. நான் உடம்பு தேறினேன், கன்னத்தில் சதை பிடித்தது. பிறந்த பிள்ளையைப் பார்த்தவர்கள் கொழு கொழுவென்று இருக்கிறான் என்றார்கள்.

சண்டை முடிந்து உங்கள் தம்பி வந்து சேர்ந்தார். இடது கால் கொஞ்சம் இழுத்து நடந்தார், மற்றபடி முழுசாக வந்தார். பிள்ளையைக் கையில் வாங்குவதற்கு முன்பே எங்கள் கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது.

"ஹெலிகாப்டரா? நான் தண்ணி லாரில்ல ஓட்டுனேன்!" என்று விழித்தார் பாவம்.

"சொல்ல மாட்டாக. சத்தியம் வாங்கியிருப்பாக," என்றாள் தேவாரத்துக்காரி. நானும் நம்பினேன். அவர் மறுக்க மறுக்க என் நம்பிக்கை வலுத்தது. எங்களுக்குள் சண்டை வந்தால், "பெண்டாட்டி என்கிட்டயே மறைக்கிறீகளா?" என்று ஹெலிகாப்டரில்தான் போய் முடியும். அவர் உங்களைப் பார்ப்பார். நீங்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "விடு புள்ள, அவனுக்கு மேலெடத்து உத்தரவு," என்பீர்கள். எவ்வளவு தைரியம் உங்களுக்கு!

நேற்றுத் தகட்டைப் பையில் போட்டுக்கொண்டு பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தேன். அவர் மருந்து சாப்பிட்டு மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். பீரோவிலிருந்து கடிதத்தை எடுத்தேன். தகட்டின் ஓரத்தை அளவுகோலாக வைத்துக் கோடு இழுத்திருக்கிறீர்கள். தூரிகை நழுவி ஓரத்துப் பூஜ்யத்தில் பட்டிருக்கிறது. தகட்டை அதன் மேல் வைத்தேன், அச்சுப் பிசகாமல் பொருந்தியது.

தாளைத் திருப்பினேன். உங்கள் தம்பி பேனாவை எவ்வளவு அழுத்துவார் என்று உங்களுக்குத் தெரியும். முதுகுப் பக்கம் எழுத முடியாத அளவுக்குத் தாள் புடைத்திருக்கும். ஏலக்காயின் பருமனையும் தோலின் சுருக்கத்தையும் தொட்டே பிரித்த விரல் இது. கருப்புக்குப் பின்னால் எழுத்து இருப்பது தொட்டதுமே தெரிந்தது. பீரோக் கண்ணாடிக்கு முன்னால் தாளைச் சாய்த்துப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன்.

'இது உன் கைக்கு வரும்போது நான் இருப்பேனோ என்னமோ. பிள்ளை முகம் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை போல. அக்காவிடம் மட்டும் சொல்லாதே. அது தாங்காது.'

மதினி, மறுபடியும் முதலிலிருந்து கூட்டிப் படித்தேன்.

தாய் போன பிறகு அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் நீங்கள். அந்த வரிகளை வாசலில் நின்று படித்துவிட்டு, அங்கேயே மையில் தூரிகையைத் தோய்த்து, காய்வதற்கு ஊதி, என்னிடம் கொண்டுவந்து தந்திருக்கிறீர்கள். பிறகு மூட்டை மேல் ஏறிக் கயிற்றில் இறங்குகிற மாதிரி நடித்திருக்கிறீர்கள். அந்த மூன்று மாதமும் நான் சிரித்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? எனக்கு இப்போது உங்கள் மேல் கோபமாக வருகிறது. ஒரு நாளாவது என்னிடம் சொல்லி, இரண்டு பேருமாக அழுதிருக்கலாம்.

இன்று காலை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போனது மதுரையில் அவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்த மறுநாள். ஒரு மாசத்துக்கு அதிர்ச்சியான சேதி எதுவும் காதில் விழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாற்றுத் துணி எடுத்து வருகிறேன் என்று அவரிடம் பொய் சொல்லிவிட்டுத்தான் உங்களைக் கடைசியாகப் பார்க்க வந்தேன். அன்றிலிருந்து தினமும் உங்களைக் கேட்கிறார். உங்களுக்கு முழங்கால் வலி, பஸ் ஏற முடியவில்லை என்று சமாளித்து வந்தேன்.

இன்று இட்லியைப் பிட்டு வாயில் வைக்காமல், "அக்காவுக்கு என்ன கோவம்? ஒரு எட்டு வந்து பாக்கக் கூடாதா?" என்றார்.

முழங்கால் வலி என் வாயில் வரவில்லை. "மதினி ஊர்ல இல்லைங்க," என்றேன்.

"எங்கன போச்சு?"

"ரகசிய வேலையாப் போயிருக்காக. ஹெலிகாப்டர் வந்து ஏத்திட்டுப் போச்சு."

சிரிக்கத்தான் பார்த்தேன். உதடு ஒத்துழைக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். தையல் போட்ட இடத்தில் கையை வைத்துக்கொண்டார்.

"சத்தம் கேட்டுச்சா?" என்றார்.

"இல்லைங்க. மத்தியானம் சாப்பிட்டுச் சாய்ஞ்சிருந்தாக. பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேக்கல."

இட்லித் தட்டை நகர்த்தி வைத்தார்.

"எதிர்காத்துல வந்திருக்கும்," என்றார்.

பிறகு கண்ணீர் இறங்கியது. என் கையைப் பிடித்தபடி அழுதார். மூச்சு வாங்கவில்லை, நெஞ்சு வலி வரவில்லை. மாத்திரையைக் கொடுத்ததும் வாங்கிப் போட்டுக்கொண்டார். பதினாறாம் நாள் மாலையைத் தானே போட வேண்டும் என்றார். காரில் கூட்டிக்கொண்டு போகலாமா என்று டாக்டரிடம் கேட்கப் போகிறேன்.

கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். அக்கா தாங்காது என்று எழுதியவருக்கு, அக்காதான் அதைத் தாங்கியது என்று தெரிய வேண்டாம். அது நம் இரண்டு பேரோடு இருக்கட்டும், மதினி.

தகட்டை என் பெட்டியில், பட்டுப் புடவைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.