பொட்டு வைத்த சர்வர்

நண்பா,

கூலிம் பேருந்துக் கம்பெனியில் உன் சர்வர் பெட்டியின் மேல் நீ கடைசியாக வைத்த சந்தனப் பொட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வைப்பாயே, அதுதான். இன்று தூசி துடைக்கப் போனேன். கெடா மாநிலத்தையே கட்டியாண்ட மென்பொருள் விற்பனைச் சக்கரவர்த்தியின் கை (பட்டம் நானே கொடுத்துக்கொண்டதுதான்) ஒரு காய்ந்த பொட்டின் முன் நின்றுவிட்டது.

நான் விற்றது விலையுள்ள டேட்டாபேஸ். நீ போட்டுக்கொடுத்தது காசில்லாமல் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸ். சனிக்கிழமைதோறும் மாமாக் டீக்கடையில் நமக்குள் உலகப்போர். நாம் கத்திய கத்தலில் ஜெராய் மலையே கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது.

"ஓசியில கிடைக்கிறத நம்பி யாவாரம் பண்ண முடியுமாடா?"

"எந்த ஃபேக்டரி ஷிப்ட்டுக்கு யார எங்க பஸ்ல ஏத்தணும்னு அதான் சொல்லுது. ஒருத்தரையாச்சும் ரோட்டுல விட்டுட்டுப் போச்சா? நீ விக்கிறது டேட்டாபேஸ் இல்லடா. கெட்டுப்போனா கூப்பிட ஒரு போன் நம்பர். அதத்தான் தங்க விலைக்கு விக்கிற."

"சரி, நீ மண்டையப் போட்டா?"

"நீ சும்மாதானே இருப்ப. வந்து பாரு லா."

ரொட்டி சானாயைப் பிய்த்தபடி சொன்னாய். நானும் சிரித்தேன்.

நீ போன பிறகு முதலாளியம்மா என்னை வரச்சொன்னார். "அண்ணே, அவரு இருந்தாரு, போன் அடிச்சா மோட்டர்ல வந்து நிப்பாரு. இப்ப இது நின்னுட்டா, எஸ்டேட் முனையில பொம்பளப் பிள்ளைங்க நிக்கும், பஸ் போவாது. யாரக் கூப்பிடுவேன்? உங்க சாமானையே போட்டுருங்க."

பல வருடம் நான் முற்றுகையிட்ட கோட்டை, கதவைத் தானே திறந்துவிட்டது. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் இந்த வெற்றியை யாரிடம் போய்ப் பீற்றிக்கொள்வது? உன் பெட்டியில் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. கூப்பிட ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

"இதுவே இருக்கட்டும்மா. நின்னா என்னைக் கூப்பிடுங்க."

"உங்களுக்கு இது தெரியுமாண்ணே?"

"இத்தன வருசமா இதோட சண்ட போட்டவன் நான். என்னைவிட எவனுக்குத் தெரியும்?"

பொய்தான். பாதி தெரியாது. இணையத்தில் கேட்டால் முகம் தெரியாத யாராவது சொல்லித்தருகிறார்கள். உன் கட்சிக்காரர்கள் பூமி முழுக்க இருக்கிறார்கள், நீ சொன்னபோது நான்தான் நம்பவில்லை.

சர்வருக்கு மேலே சுவரில் உன் போன் எண் ஒட்டியிருக்கிறது. டிரைவர்களுக்கெல்லாம் அது மனப்பாடம். கிழிக்க மனம் வரவில்லை. உன் மனைவியிடம் கேட்டு அந்த எண்ணை என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். சட்டைப் பையில் என் போன், கால்சட்டைப் பையில் உன் போன். இரண்டு போன் சுமந்து நடக்கும் ஜமீன்தார் நான்.

போன சனிக்கிழமை மாமாக் கடையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருந்தது. உன் நாற்காலி காலி. "எங்கடா இருக்க?" என்று கேட்க, பழக்கத்தில் உன் எண்ணை அழுத்திவிட்டேன்.

என் கால்சட்டைப் பைக்குள் மணி அடித்தது. ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.