எல்லாக் குமிழும் ஒரே பக்கம்

மார்ச் 4

என் அருமைச் சுத்தக்காரனுக்கு,

அம்மா எழுதுவது. நீ நலமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். நான் நலமாக இல்லை.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்றபடி நீ ஆபீஸ் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாய். கீபோர்டைத் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்காது என்று உனக்கு நினைப்பு. காது ஆஸ்பத்திரியில் அடுத்தவர் காதைச் சோதித்துச் சோதித்தே ஓய்வு பெற்றவள் நான். எனக்கு எல்லாம் கேட்கும். கடிதம் என்றால் நீ உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

உன்னை விமானத்துக்கு அனுப்பிவிட்டு வந்து பின்னறைக் கதவைத் திறந்தேன். திறந்தவள் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டேன். நான் வாசிக்கிற சிந்தசைசர் பெட்டியில் ஒரு ஒயர்கூட இல்லை. சிவப்பு தனி, மஞ்சள் தனி, நீலம் தனி என்று வட்டமாகச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருந்தாய். அதோடு விட்டாயா? பெட்டி முழுக்க ஈரத்துணியால் துடைத்து, எல்லாக் குமிழையும் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி திருப்பியும் வைத்திருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவார்களே, அந்த மாதிரி.

துரை, நீ பிடுங்கிப் போட்டது என் பாட்டை.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். அந்தப் பெட்டியில் பாட்டைச் சேமித்து வைக்கிற பொத்தான் எதுவும் கிடையாது. இந்த ஓட்டையிலிருந்து அந்த ஓட்டைக்கு ஒயர் போகும். போகிற வழியில் குமிழைத் திருகினால் சத்தம் தடிக்கும், மெலியும், நடுங்கும். எந்த ஒயர் எங்கே குத்தியிருக்கிறது, எந்தக் குமிழ் எவ்வளவு திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான் பாட்டு. பிடுங்கினால் போச்சு. மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து கட்டியது அது. "போட்டோ எடுத்து வைக்கக் கூடாதா?" என்று கேட்பாய். எடுத்தேன். அதில் ஒயர்கள் தெரிகின்றன, எது எந்த ஓட்டையில் முடிகிறது என்று எனக்கே தெரியவில்லை.

அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி நூலகத்து மாடி அரங்கில் நான் வாசிக்கப் போகிறேன் என்பது உனக்குத் தெரியும். சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சொன்னேன். அறுபத்து மூன்று வயதில் முதல் மேடை. அரங்கத்தை நடத்துகிற தாடிக்காரப் பையன் போஸ்டர்கூட ஒட்டிவிட்டான். எதை வாசிப்பது? பிஸ்கட் டப்பாவையா?

வயிறு எரிகிறது. பதில் எழுது. போன் செய்யாதே, எடுக்க மாட்டேன்.

இப்போதைக்கு உன் அம்மா


மார்ச் 15

அன்புள்ள அம்மாவுக்கு,

மன்னித்துவிடு. நீ போன் எடுக்காததால் பக்கத்து வீட்டு டீச்சரிடம் விசாரித்தேன், நன்றாக இருப்பதாகச் சொன்னார். உன் பாட்டு அந்த ஒயர்களில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எல்லாம் கொத்துக் கொத்தாகத் தொங்கியது, மேலே தூசி வேறு. நீ கடைக்குப் போயிருந்த நேரத்தில் துடைத்து வைத்தேன். சின்ன வயதில் என் அறையை ஒழுங்குபடுத்தி வைத்தால் நீ எவ்வளவு சந்தோஷப்படுவாய்! அந்த ஞாபகத்தில் செய்துவிட்டேன்.

கோபப்படாமல் ஒன்று கேள். இங்கே என்னோடு வேலை செய்கிறவனிடம் விசாரித்தேன். உன் பெட்டி செய்கிற வேலை அத்தனையையும் இப்போது ஒரு டேப்லட்டே செய்துவிடுகிறதாம். ஒயரைக்கூடத் திரையிலேயே இழுத்துக்கொள்ளலாம். ஒரு தட்டு தட்டினால் சேமித்துக்கொள்ளும், யாராலும் பிடுங்க முடியாது. உனக்கு ஒன்று வாங்கி, எல்லாம் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். கட்டிலில் சாய்ந்தபடியே வாசிக்கலாம். அறுந்த ஒயரைப் பற்றவைக்கிற புகை இல்லை, இடத்தையும் அடைக்காது. நாளைக்கே நீ எங்கே போய் இருந்தாலும் கைப்பையில் போட்டு எடுத்துப் போகலாம்.

முட்டி வலி எப்படி இருக்கிறது? உன் மருமகள் உன்னை விசாரித்தாள்.

அன்புடன்,
மகன்


மார்ச் 27

மகனுக்கு,

டேப்லட் வந்தது. நல்ல வழவழப்பு. அதன்மேல் காபி டம்ளர் வைத்திருக்கிறேன்.

"நாளைக்கே நீ எங்கே போய் இருந்தாலும்" என்று எழுதியிருந்தாயே, படித்தபோதே அந்த வரி கண்ணை உறுத்தியது. நேற்றுத்தான் அர்த்தம் தெரிந்தது. காலையில் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஒரு வீட்டு புரோக்கர், அவருக்குப் பின்னால் ஒரு புருஷன் பெண்டாட்டி.

"வணக்கம்மா. பின்னறைய மட்டும் ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறோம். தம்பி சொல்லியிருப்பாரே?"

"எந்தத் தம்பி?"

"உங்க பையன்தாம்மா. போட்டோகூட அவர்தான் எடுத்து அனுப்பினாரு."

போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். என் அறை. துடைத்த பெட்டி. ஒரே பக்கம் பார்க்கிற குமிழ்கள். ஜன்னல் திரையை விலக்கி வெளிச்சம் விழ வைத்திருக்கிறாய். கீழே "காற்றோட்டமான சிறிய படுக்கையறை" என்று எழுதியிருந்தது. அந்தப் பெண் உள்ளே எட்டிப் பார்த்து, "இந்தப் பெட்டியயும் சேத்து விப்பீங்களா, இல்ல எடுத்துடுவீங்களா?" என்று என்னையே கேட்டாள்.

ஆக, தூசியும் பொய், அம்மா சந்தோஷப்படுவாள் என்பதும் பொய். போட்டோவில் வீடு லட்சணமாகத் தெரிய வேண்டும் என்று என் பாட்டைப் பிடுங்கினாய். பிடுங்கிவிட்டு என் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாய். நான் மேடையைப் பற்றிச் சொன்னபோது தலையை ஆட்டினாய். எப்படிடா முடிந்தது உன்னால்?

இது நானும் உன் அப்பாவும் கட்டிய வீடு. அவர் போன பிறகு பத்திரத்தில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அதைக்கூட விடு. என்னிடம் ஒரு வார்த்தை? முடியாது என்று சொல்வேன் என்று தெரியும், அதனால் வாயைத் திறக்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே ஆஸ்பத்திரிக்கு வருவாயே, ஞாபகம் இருக்கிறதா? நோயாளி இல்லாத நேரத்தில் உன்னைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, வெளியிலிருந்து சின்னச் சின்னச் சத்தமாக அனுப்புவேன். "சத்தம் வந்தா கையைத் தூக்கு" என்பேன். இருக்கிறதா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வருகிற சத்தத்துக்குக்கூட நீ கையைத் தூக்குவாய். அவ்வளவு நல்ல காது உனக்கு. அந்தச் சத்தங்கள்தான் என்னைப் பிடித்துக்கொண்டவை. அதனால்தான் ஓய்வு பெற்றதும் இந்தப் பெட்டியை வாங்கினேன். வாங்கிய நாளிலிருந்து இன்றுவரை, "என்னம்மா வாசிக்கிற, போடு பாப்போம்" என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறாயா?

புரோக்கரை வாசலோடு அனுப்பிவிட்டேன். பாட்டைத் திரும்பக் கட்டிப் பார்க்கிறேன். அதைப் போலவே ஏதோ வருகிறது. அது வரமாட்டேன் என்கிறது.

அம்மா


ஏப்ரல் 6

அம்மா,

நீ எழுதியது அத்தனையும் நிஜம். போட்டோவுக்காகத்தான் செய்தேன். வாங்குகிற ஆள் கிடைத்த பிறகு உன்னிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பொய்யும் சொன்னேன். அதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் என் வயிறும் எரிகிறது, அதையும் தெரிந்துகொள்.

போன நவம்பரில் ஒரு நாள் சாயங்காலத்திலிருந்து உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். நீ எடுக்கவில்லை. டீச்சரைக் கூப்பிட்டேன். அவர் மணி அடித்தார், கதவைத் தட்டினார். உள்ளே விளக்கு எரிகிறது, பதில் இல்லை. "ஏதோ கருகற வாடை வருதுப்பா" என்றார். பூட்டுக்காரரை வரவழைத்துப் பூட்டை உடைத்தார்கள். அது உடைகிற சத்தத்தைப் போனில் கேட்டுக்கொண்டு நான் இங்கே நின்றேன். மனசுக்குள் உன்னை வழியனுப்பியே விட்டேன் அம்மா.

நீயோ காதில் ஹெட்போனும் கையில் ஒயர் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னுமாகத் திரும்பிப் பார்த்து, "என்ன எல்லாரும் வந்திருக்கீங்க?" என்றாயாம். டீச்சர் சிரித்துச் சிரித்துச் சொன்னார். நான் ஆபீஸ் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு நீ போன் செய்து என்ன சொன்னாய் தெரியுமா? "நல்ல பூட்டைப் பாழாக்கிட்டியே" என்றாய்.

எங்களோடு வந்து இரு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் பேச்சை மாற்றுவாய். எல்லாம் கேட்கும் என்கிற உன் காதில் நான் பயந்து கிடப்பது மட்டும் விழவே இல்லை.

கோபத்தில் எழுதியிருக்கிறேன். ஆறப்போட்டால் அனுப்ப மாட்டேன், அதனால் இப்போதே தபாலில் போடுகிறேன்.

மகன்


ஏப்ரல் 22

துரைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் உன்னைத் திட்டினேன். பிறகு டீச்சரிடம் காட்டினேன். "பையன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்றாள். அவளையும் திட்டினேன்.

நீ அழுதது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பூட்டைப் பற்றிப் பேசியிருக்க மாட்டேன். ஆனால் அது வேறு, இது வேறு. பயந்தவன் பயந்தேன் என்று சொல்ல வேண்டும். திருட்டுத்தனமாக அம்மாவின் அறையைப் போட்டோ எடுத்து ஊரார் பார்வைக்கு வைக்கக் கூடாது.

ஒன்று செய்திருக்கிறேன். அழைப்பு மணிக்கும் போனுக்குமாகச் சேர்த்துப் பெட்டிக்கு மேல் ஒரு சிவப்பு பல்பு மாட்டிவிட்டேன். எது அடித்தாலும் பளிச் பளிச்சென்று மின்னும், ஹெட்போன் போட்டிருந்தாலும் தப்ப முடியாது. சால்டரிங் அயர்னும் சும்மா கிடந்தால் தானாக அணைந்துவிடுகிற ரகமாக மாற்றியாயிற்று. இதற்கு மேல் எனக்கு இறங்கி வரத் தெரியாது. வீட்டை விட்டு வர மாட்டேன்.

மேடைக் கதைக்கு வருகிறேன். பழைய பாட்டு கடைசிவரை வரவே இல்லை. தாடிக்காரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தள்ளி வச்சுக்கலாமா ஆன்ட்டி?" என்றான். எனக்கு வந்ததே கோபம்! ஒரு ஒயர்கூடக் குத்தாமல் பெட்டியை அப்படியே மேடைக்குத் தூக்கிப் போகச் சொன்னேன். எல்லாக் குமிழும் ஒரே பக்கம், நீ வைத்தபடியே. பக்கத்தில் உன் பிஸ்கட் டப்பா.

பாதி நாற்காலி காலி. ரப்பர் பேண்டைக் கழற்றி முதல் ஒயரைக் குத்தினேன். மெல்லிசாக ஒரே ஒரு சத்தம், கண்ணாடி அறையில் அனுப்புவேனே, அது. முன்வரிசையில் ஒருவர் நான் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துப் பேசிக்கொண்டே இருந்தார். என்னையறியாமல் மைக்கில், "சத்தம் வந்தா கையைத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டேன். பழக்கதோஷம். முதலில் சிரித்தார்கள். அப்புறம் அரங்கமே அமைதியாகி, ஒவ்வொரு கையாக மேலே போனது. பேசிக்கொண்டிருந்தவர் கை கடைசியாக.

அதற்குப் பிறகு டப்பாவிலிருந்து ஒவ்வொரு ஒயராக எடுத்து, எல்லார் கண் முன்னாலும் கட்டினேன். உன்மேல் இருந்த கோபம் அத்தனையும் அதில் போயிருக்கிறது. நடுவில் ஒரு இடத்தில் தரையே அதிரும், அது புரோக்கருக்காக. நன்றாக இருந்தது. யாரும் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

இதோடு ஒரு மெமரி கார்டு வைத்திருக்கிறேன், முழுக்க இருக்கிறது. வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்பதாக இருந்தால் போடவே போடாதே. வீட்டைப் பற்றி என் பதிலைச் சொல்லிவிட்டேன். நீ என்ன சொல்கிறாய் என்று பார்த்துவிட்டுத்தான் உனக்கு இனி எழுதுவதா என்று முடிவு செய்வேன்.

அம்மா


மே 5

அம்மாவுக்கு,

கார்டு கிடைத்தது. வீட்டில் கேட்டால் யாராவது கூப்பிடுவார்கள் என்று, வேலை முடிந்ததும் ஆபீஸ் கார் பார்க்கிங்கிலேயே உட்கார்ந்து, ஹெட்போன் மாட்டிப் போட்டேன். முதலில் ஒன்றுமே இல்லை, கார்டு தபாலில் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பிறகு அது வந்தது. நீ மைக்கில் சொல்வதற்கு முன்னாலேயே என் கை மேலே போய்விட்டது. எதிர்க் காரில் இருந்தவர் தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று இறங்கி வந்துவிட்டார்.

முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து போட்டேன். தரை அதிர்கிற இடத்தில் கார் கண்ணாடியே அதிர்ந்த மாதிரி இருந்தது. அது புரோக்கருக்கு மட்டும்தான் என்று நான் நம்பவில்லை, எனக்கும் பங்கு இருக்கிறது.

போனைப் பார்த்தால் உன் மருமகள் விடாமல் கூப்பிட்டிருக்கிறாள். வீட்டுக்குப் போனேன், வாசலிலேயே நின்றாள். "இருக்கியா போனியான்னு தெரியாம நான் இங்க செத்துக்கிட்டு இருக்கேன்" என்று கத்தினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "என்ன இப்போ, பாட்டுதானே கேட்டுட்டிருந்தேன்?" என்றேன். சொன்ன பிறகுதான் அது யார் பேசுகிற பேச்சு என்று உறைத்தது.

புரோக்கரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், போட்டோவையும் எடுக்கச் சொல்லியாயிற்று. வந்து இரு என்று இனிமேல் சொல்லவே மாட்டேன் என்று சத்தியம் பண்ண முடியாது. சொல்வேன். நீ முடியாது என்று சொல்லிவிடு.

மேடையிலிருந்து ஒயரையெல்லாம் மூட்டையாகத்தானே அள்ளிக்கொண்டு வந்திருப்பாய்? ஜூலையில் லீவு இருக்கிறது. சுருட்டித் தர வரட்டுமா?

மகன்


மே 16

துரைக்கு,

வா. மூட்டை அப்படியே கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது, எனக்குத் தேவையானதை மட்டும் உருவிக்கொண்டேன். மிச்சத்தை உட்கார்ந்து பிரித்துச் சுருட்டு. நிறம் பிரித்து வைத்தது மேடையில் சௌகரியமாகத்தான் இருந்தது, இதை யாரிடமும் சொல்லாதே. பெட்டியில் புதிதாக ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன். அதன் பக்கம் போகும்போது கையைக் கட்டிக்கொண்டு போ. தூசி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

மருமகளிடம் சொல், அன்றைக்கு அவள் கத்தியது போதாது என்று. சிவப்பு பல்பு ஒன்று உனக்கும் செய்து வைக்கிறேன், வரும்போது எடுத்துப் போ.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது பல்பு மின்னியது. பாட்டு நல்ல கட்டத்தில் இருந்தது. இருந்தும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வந்து, "உயிரோடதான் இருக்கேன், அப்புறம் பேசு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன் பார், அவ்வளவுதான் என்னால் முடியும். அதற்குள் அந்தக் கட்டம் போய்விட்டது. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது, ஜூலையில் வைத்துக்கொள்கிறேன்.

உன் அம்மா