இரண்டாவது கோப்பைக்குப் பிறகு

மேற்கு ஜூட்லாந்து
மார்ச், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மெரேத்தாவுக்கு அப்பா எழுதுவது.

நாங்கள் இருவரும் நலம். இந்த வாக்கியத்தை நம்பாதே. பழக்கத்தில் எழுதிவிட்டேன், அடிக்க மனம் வரவில்லை. போனில் நீ எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் நான் குறையொன்றும் இல்லை என்பேன். பிறகு இருவரும் நியூசிலாந்து மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவோம். அதனால்தான் கடிதம். தபால் நேரத்துக்கு வந்து சேராது, படமெடுத்து மின்னஞ்சலில் அனுப்புகிறேன்.

இங்கே காற்று இன்னும் அடங்கவில்லை. பக்கத்து வீட்டு பூல் தன் வேலியை மறுபடியும் நம் தோட்டத்திலிருந்து பொறுக்கிக்கொண்டு போனார். காற்றுக்கு உங்கள் தோட்டம் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நகராட்சி முதியோர் பராமரிப்பின் தரத்தை உயர்த்தியிருக்கிறது. அதை அறிவிக்கும் வண்ணத்தாளில் ஒரு நரைமுடித் தம்பதி சிரித்தபடி சைக்கிளில் போகிறார்கள். இந்த ஊர்க் காற்றில் சிரித்துக்கொண்டு சைக்கிள் ஓட்டியவரை நான் கண்டதில்லை. விஷயம் இதுதான்: இனிமேல் வயதானவர்களுக்கு எதையும் செய்து கொடுக்கமாட்டார்கள், தாமே செய்துகொள்ளப் பயிற்சி கொடுப்பார்கள். கண்ணியம் என்றால் அதுதானாம். ஆயுள் முழுவதும் பிள்ளைகளுக்கு லத்தீன் கற்பித்தவன் நான். கற்பிப்பதால் என்னவெல்லாம் நடக்காது என்பதை நகராட்சி என்னிடம் கேட்டிருக்கலாம்.

அம்மாவைக் காலையில் குளிப்பாட்டி உடுத்திவிட நகராட்சியிலிருந்து யூத்தா வந்துகொண்டிருந்தாள் அல்லவா? அது தொடர வேண்டுமா என்று பார்க்க, ஜனவரியில் பெர்னிலா என்ற அதிகாரி வந்தாள். நல்ல பெண். வாசலிலேயே செருப்பைக் கழற்றினாள். அன்று காலைகூட அம்மா கம்பளிச் சட்டையைக் காலில் மாட்ட முயன்றுகொண்டிருந்தாள். ஆனால் அழைப்பு மணி அடித்ததும் எழுந்துவிட்டாள். தேவாலயத்தில் அத்தனை வருஷம் ஞாயிற்றுக்கிழமைக் காபியை நடத்தியவள் ஆயிற்றே. நீலப்பூக் கோப்பைகள் அலமாரியிலிருந்து இறங்கின. முதலில் வெண்ணெய் தடவிய பன், பிறகு கேக், கடைசியில் பிஸ்கட். வரிசை தப்பவில்லை. ஒரு சொட்டுச் சிந்தாமல் காபி ஊற்றினாள்.

கேக் நன்றாக இருக்கிறது என்றாள் பெர்னிலா. காலையில் தானே சுட்டதாகச் சொன்னாள் அம்மா. பேக்கரியில் வாங்கி வந்தது நான். ஆனால் விருந்தாளி எதிரில் மனைவி சொன்னதை மறுத்துப் பேசும் குடும்பம் இந்தக் கரையில் எங்கே இருக்கிறது? பெர்னிலா என் பக்கம் திரும்பி, வீட்டில் எப்படிப் போகிறது என்று கேட்டாள். இன்னும் மோசமாகவும் இருந்திருக்கலாம் என்றேன். எங்களூர்க்காரன் என்றால் ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருப்பான். பெர்னிலா கோபன்ஹேகன்காரி, நல்ல சேதி என்று குறித்துக்கொண்டாள்.

அடுத்த வாரமே யூத்தா நின்றுவிட்டாள். நகராட்சியைப் போனில் பிடித்துக் கேட்டபோது, தன் கண்ணால் பார்த்ததைத்தானே எழுத முடியும் என்றாள் பெர்னிலா. நியாயமான பேச்சு. யூத்தாவுக்குப் பதிலாக ஒரு சின்னத் திரையை அனுப்பினார்கள். காலையில் அதில் ஒரு பெண் தோன்றி, குளித்தாயிற்றா, மாத்திரை ஆயிற்றா என்று விசாரிப்பாள். வீட்டுக்கு வந்தவளை அம்மா வெறும் வாயோடு அனுப்புவாளா? மூன்றாம் நாள் அவளுக்கும் காபி ஊற்றினாள், திரைமேலேயே. இப்போது அதுவும் இல்லை.

குளியல் என் பொறுப்பு. இதை எழுதத்தான் இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். நான் அம்மாவின் சட்டைப் பொத்தானில் கை வைத்ததும் அவள் என் கையை எடுத்துவிட்டாள். கோபமாக இல்லை, பஸ்ஸில் தெரியாதவரிடம் பேசுவதுபோல.

"பாருங்க, எங்க வீட்டுக்காரர் நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்துடுவார். அதுக்குள்ள நீங்க கெளம்பிடுங்க. நல்லாயிருக்காது."

கிளம்பினேன். கோட்டை மாட்டிக்கொண்டு தோட்டத்தில் நின்றேன். பூல் பார்த்துவிட்டுத் தன் வேலியைக் கட்டப் போனார். நாலு மணிக்கு பழைய தோல்பையோடு முன்வாசல் வழியாக வந்தேன். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. எவனோ ஒருத்தன் வீட்டுக்குள் வந்து தொந்தரவு செய்ததாகச் சொன்னாள். இனி அவன் வரமாட்டான் என்று வாக்குக் கொடுத்தேன். சரி, கணவனாகிவிட்டோமே என்று குளியல் பேச்சை எடுத்தேன். உனக்கென்ன கிறுக்கா, நான் என்ன குழந்தையா என்று கேட்டாள். ஆக, அந்நியனாலும் முடியவில்லை, கணவனாலும் முடியவில்லை. அவள் குளித்து எத்தனை நாளாயிற்று என்று உனக்கு எழுதமாட்டேன். தோல் புண்ணாகத் தொடங்கியிருக்கிறது.

நான் முறையிட்டதால் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு பெர்னிலா மறுபடி வருகிறாள். யூத்தா திரும்ப வருவாளா என்பது அன்று தெரியும். கோப்பைகளை ஒளித்துவை, அம்மாவை இரவு உடையிலேயே உட்காரவை என்கிறார் பூல். சரியான யோசனைதான். நேற்று கோப்பைகளை எடுத்துக்கொண்டு கொட்டகைவரை போனேன். பிறகு திரும்பக் கொண்டுவந்து அலமாரியிலேயே வைத்துவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். ஜனவரியில் பெர்னிலா இருந்தபோது, அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்து, "தோர்கில், கிரீமை அந்தப் பக்கம் தள்ளு. வந்தவங்க கைநீட்டிக் கேக்கணுமா?" என்றாள். என் பெயரைச் சொன்னாள். அதற்கு முன் சொன்னது எப்போது என்று எனக்கு நினைவில்லை, அதன்பின் சொல்லவில்லை. மேசைவிரிப்பை இப்போதே எடுத்து வைத்திருக்கிறாள். யார் வருகிறார்கள் என்று தெரியாது, யாரோ வருகிறார்கள் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது.

ஆகவே, மெரேத்தா, நீதான் சொல்ல வேண்டும். குடும்பத்தார் போனில் கலந்துகொள்ளலாம் என்று பெர்னிலா சொல்லியிருக்கிறாள். கேக் பேக்கரியில் வாங்கியது என்று சொல். புண்ணைக் காட்டச் சொல். நான் எதிரே உட்கார்ந்து குறையொன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பேன், என்னைப் பொருட்படுத்தாதே. அம்மாவுக்குப் புரிந்தால் உன்மேல் வருத்தப்படுவாள். அதையும் நீ தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

உனக்கு அப்போது ராத்திரியாக இருக்கும், மன்னித்துக்கொள். ஒரே ஒரு வேண்டுகோள். இங்கே பதினோரு மணிக்கு முன்னால் கூப்பிடாதே. அவள் இரண்டாவது கோப்பையை ஊற்றி முடிக்கட்டும்.

நீயும் பிள்ளைகளும் சுகமாயிருங்கள்.

அன்புடன்,
அப்பா