அப்பாவுக்கு ஒரு மிஸ்டர்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. கண் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. ஃபேரர் பார்க் பக்கம் போனால் வாங்க வேண்டும்.

எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தின் வரலாற்றுக் கண்காட்சிக்கு ஏற்பாடு செய்கிற பெண் ஃபரீதா. செம்பவாங் கப்பல் பட்டறை பற்றிய காட்சிப் பலகையின் நகலை அனுப்பியிருந்தாள். அதில் அப்பா இறந்த செய்தி, பழைய ஆங்கிலப் பத்திரிகையில் வந்தபடியே. நூலகத்தில் உட்கார்ந்து தேடிக் கொடுத்தவன் நான்தான்.

கப்பலோரம் கட்டிய சாரம் சரிந்தது. கை சிராய்த்த வெள்ளைக்கார மேற்பார்வையாளருக்கு மிஸ்டர். சாட்சி சொன்ன குமாஸ்தாவுக்கும் மிஸ்டர். செத்தவர் மட்டும் மாரிமுத்து என்ற ஒரு தமிழன்.

அந்தக் காலத்துப் பத்திரிகை வழக்கம். நிறையப் படித்துப் பார்த்துவிட்டேன். ஜெயிலுக்குப் போனால் வெள்ளைக்காரனுக்கே மிஸ்டர் போய்விடும். அப்பா என்ன குற்றம் செய்தார்?

போன் போட்டேன்.

"மிஸ்டர் சேத்துடும்மா."

"அங்கிள், அது ஒரிஜினல். மாத்தக்கூடாது. அப்படிப் போட்டாங்கன்னு காட்டத்தானே வைக்கிறோம்."

"ஒங்க அத்தா செத்த செய்தியா இருந்தா?"

"ஸாரி அங்கிள்." வைத்துவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

மருந்து. முருங்கைக்கீரை. நீலப் பேனா இரண்டு, சிவப்பு ஒன்று.

சாப்பாட்டுக் கடையில், "அங்கிள், ஒருத்தர்தானா? இங்க நாலு பேர் வர்றாங்க, அந்தப் பக்கம் ஒக்காருங்க." தூண் ஓரம் உட்கார்ந்தேன். தூண் அருகே மின்விசிறியும் இல்லை.

தெம்பனிஸிலிருந்து மகள் போனில். மிஸ்டர் விஷயத்தைச் சொன்னேன்.

"ரெண்டு எழுத்துக்கா இவ்ளோ சண்டை? தாத்தாவே கேட்டிருக்க மாட்டாருப்பா."

"கேக்க அவர் இருந்தாதானே."

"சரி சரி, ஆரம்பிச்சுடாதீங்க. சண்டே வர முடியாது, பிள்ளைக்கு டியூஷன்."

கீரையை யாருக்காக ஒரு கட்டு முழுதாக வாங்கினேன்?

மார்ச் 6, வெள்ளி

தூக்கம் சரியில்லை. இதை எழுதிவிட வேண்டும்.

அச்சகத்தில் எழுத்துக் கோக்கச் சேர்ந்து, தானாகப் படித்து, தமிழ்ப் பத்திரிகையில் அச்சாகுமுன் பிழை திருத்தி மெய்ப்பு பார்க்கிறவனாக ஆனேன். எங்களிடமும் ஒரு வழக்கம். முதலாளி, ஆசிரியர், கோயில் தலைவர் என்றால் திரு. விபத்தில் இறந்த கூலியாள் என்றால் வெறும் பெயர். ஒரு முறை புது நிருபர் தெரியாமல் போட்டுவிட்டார். சுவர் இடிந்து இறந்தவர் வீராசாமி. முன்னால் திரு.

திருவை அடித்தேன். சிவப்பு மை, ஓரத்தில் நீக்கல் குறி. ஒரு விநாடி வேலை. அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டதும் நினைவிருக்கிறது.

அவருக்கு மகன் இருந்தானா, தெரியாது. செய்தியில் இல்லை.

ஃபரீதாவிடம் சொல்லப்போவதில்லை. மகளிடமும்.

மார்ச் 8, ஞாயிறு

வெயில். கண்காட்சி பத்து மணிக்கு. ஒன்பதரைக்கே போய்விட்டேன்.

பலகை மாறவில்லை. சட்டைப்பையில் சிவப்புப் பேனா. அப்பா பெயருக்கு முன்னால் கீழே சேர்ப்புக் குறி, மேலே ஆங்கிலத்தில் மிஸ்டர். வரி நேராகவே வந்தது.

"அங்கிள்! என்ன பண்றீங்க?"

"மெய்ப்பு பாத்தேன்."

ஃபரீதா பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நாளைக்குப் புதுசா பிரிண்ட் பண்ணி மாத்திடுவாங்க."

"மாத்துனா மறுபடி வருவேன்."

"நான் ரிப்போர்ட் எழுதியாகணும் அங்கிள். ஒங்க பேரு போடணும்."

"போடு. மிஸ்டர் போடாதே."

அவளுக்குப் புரியவில்லை. நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

பேருந்தில் இரண்டு பேர் இருக்கை. பக்கத்தில் யாரும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இந்த நாட்குறிப்பில் வெள்ளிக்கிழமைப் பக்கத்தைத் திறந்தேன். வீராசாமிக்கு முன்னால் சேர்ப்புக் குறி. மேலே, திரு.

சிவப்பு மை இந்தப் பக்கத்துக்கும் ஊறி இறங்கியிருக்கிறது.