வரி போடும் மெஷின்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது, பாப்பா குப்புற விழுந்துவிட்டாளா என்று விவரமாக எழுது.

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. இடது கையால் எழுதுகிறேன். என் வேலைதான் உனக்குத் தெரியுமே. சுழலும் ஷாஃப்ட்டை உருளைகள் அழுத்தி, அதன்மேல் முடியளவு வரிகளைப் பதிக்கும். அந்த வரிகளில் எண்ணெய் தங்கினால்தான் ஷாஃப்ட் தேயாமல் ஓடும். போன செவ்வாய்க்கிழமை வரி சரியாக விழுந்திருக்கிறதா என்று தடவப் போனேன். மெஷின் முழுதாக நிற்கவில்லை. ஆள்காட்டி விரல் நுனி உருளையில் மாட்டிக்கொண்டது. நகம்தான் போயிற்று, விரல் இருக்கிறது. “நல்லவேளை, கை தப்பிச்சுது” என்றார் டாக்டர்.

நுனியில் இனி உணர்ச்சி திரும்பாதாம். கண்ணுக்குத் தெரியாத பிசிறைக்கூடத் தடவியே சொல்லிவிடுவேன் என்றுதான் ஃபோர்மேன் என்னை அந்த மெஷினில் வைத்திருந்தார். நேற்று விரலில் போட்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டு, “இனிமே நீ பேக்கிங்ல பெட்டி கட்டுப்பா, பாத்துக்கலாம்” என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னவோ செய்தது. போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அம்மாவிடம் சொல்லாதே. கேட்டால், “அங்க போய் கையெழுத்தே கெட்டுப்போச்சு” என்று சமாளித்துவிடு.

இங்கே போடும் கட்டு காயத்தில் ஒட்டிக்கொள்கிறது. உன் பழைய பருத்திப் புடவையில் ஒரு முழம் கிழித்து அனுப்பு. கூடவே பாப்பா போட்ட சட்டை ஒன்றும் வை. பிறந்து நாலு மாதமாகியும் அவளை நான் இன்னும் தொட்டதில்லை.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. சட்டையைத் துவைக்காமல் அனுப்பு.

பாப்பாவின் அப்பா