கண்ணாடி அறையில் ஒரு கணகணப்பு

என் அன்பு அக்காவுக்கு,

இந்தமுறை குளிர் வந்தபோது உங்கள் தோட்டத்தில் நீங்கள் இல்லை. போன சனிக்கிழமை ஹரோவில் உங்கள் வீட்டுக்குப் போய், அத்தானோடு சேர்ந்து நான்தான் துப்புரவாக்கினேன். உறைபனியில் கறுத்த பூசணிக்கொடி அவித்த கீரைபோலக் கையோடு வந்தது. அவரைப் பந்தலைப் பிரித்தோம். ஈர இலைகளை வாரி வாரிக் கவுன்சில் குப்பைத்தொட்டி நிரம்பிவிட்டது.

அத்தான் அடிக்கடி நெற்றியைப் பிடித்துக்கொண்டு குந்தினார். சில நாட்களாகத் தலையிடியாம், வயிற்றைப் பிரட்டிச் சத்தி வருமாப்போல் இருக்கிறதாம். நீங்கள் எங்களை விட்டுப் போன துக்கம்தான் என்று நினைத்தேன்.

வெளியில் மிஞ்சி நின்ற மல்லிகைச் சாடியை உள்ளே வைக்க, வீட்டோடு ஒட்டிய கண்ணாடி அறையின், அந்தக் கன்சர்வேட்டரியின் கதவைத் திறந்தேன். உங்கள் கறிவேப்பிலைச் சாடிகள் ஏற்கெனவே அங்கே வரிசையாக நின்றன. யன்னல் இடுக்குகளில் எல்லாம் துணி திணித்திருந்தது. சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில், கோடையில் நாங்கள் இறைச்சி சுடும் பார்பிக்யூ தட்டு. அதில் கரிச்சாம்பல்.

கறிவேப்பிலைக்குக் குளிரக்கூடாதாம், அத்தான் சொன்னார். பின்னேரங்களில் வெளியில் கரியை மூட்டி, புகை அடங்கியதும் உள்ளே கொண்டுவந்து, கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் இருப்பாராம்.

"புகையே இல்லைப் பிள்ளை. அப்பிடியே ஒரு நித்திரை வரும். அப்பதான் உன்ரை அக்கா வந்து பக்கத்திலை இருக்கிறா."

இதை அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? வகுப்பில் எரிகிற மெழுகுதிரியைக் கண்ணாடிக் குவளையால் மூடிக் காட்டுவேனே, அதைச் சொன்னேன். திரி தானாக அணைந்துவிடும். கரி அப்படியல்ல, மூடிய அறையில் மணமே இல்லாத நஞ்சைக் கக்கிக்கொண்டிருக்கும். முதலில் தலையிடி, பிறகு நித்திரை, பிறகு எழும்பவே மாட்டீர்கள் என்றேன். ரிட்டயராகியும் பாடம் எடுப்பதை விடவில்லை என்று என்னைப் பகிடி பண்ணினார். சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப, அதை வைக்காட்டி அவ வரமாட்டாவோ?"

அக்கா, நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

துணிகளை உருவி எறிந்தேன். அன்றே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் என்று டொக்டர் தொடங்கி, அத்தானைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். தட்டையும் மிச்சக் கரியையும் மோர்டனுக்கு, என் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

நேற்றுத் தொலைபேசியில் அத்தானின் குரல் தெளிவாக இருந்தது. தலையிடி விட்டுவிட்டதாம். ஆனால் அக்காவைத்தான் காணவில்லையாம். பிறகு, மரக்கறி விலை கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டார்:

"இந்தக் குளிருக்குள்ளையும் கடையிலை கரி விக்கிறவங்களோ, பிள்ளை?"

இன்று பெட்டியோடு வந்துவிட்டேன். நீங்கள் சமைத்த குசினியின் மேசையில் இருந்துதான் எழுதுகிறேன். கண்ணாடி அறையில், கோட்டும் போட்டபடி, விளக்குப் போடாமல் இருக்கிறார். பக்கத்தில் ஒரு வெறும் நாற்காலியை இழுத்து வைத்திருக்கிறார். சுத்தமாக்கிய புல்லில் மறுபடியும் இலை விழுந்து கிடக்கிறது.

அவரை உங்களிடம் கூப்பிடாதேங்கோ, அக்கா. நீங்கள் சொல்லி அவர் எதைத் தட்டியிருக்கிறார்? கறிவேப்பிலையைத் திரும்ப வெளியில் வைக்கும் காலம்வரை இந்த வீட்டைவிட்டு நான் அசையமாட்டேன். இதோ எழும்புகிறேன், அந்த நாற்காலியில் போய் இருப்பதற்கு.

உங்களுக்குப் பின்னால் பிறந்தவள்,
தங்கச்சி வதனி